நாட்காட்டியில் இல்லாத கிருத்திகை

அத்தைக்கு,

சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. புளி வைத்துத் தேய்த்தும் பார்த்தாயிற்று. விரல் நுனியில் ஆரஞ்சுத் தோலின் வாசனை அப்படியே இருக்கிறது. இன்றைக்குச் சுதாவின் பிறந்த நாள், எட்டு வயது முடிகிறது. நீங்கள் ‘காலேஜ் தோசை’ என்று பேர் வைத்த அந்தப் பான்கேக்கைத்தான் காலைப் பலகாரத்துக்குச் செய்தேன். பழம் நீங்கள் வைத்த மரத்துடையது. இந்த வருஷம் காய்ப்புக் குறைவுதான், ஆனால் தோல் நல்ல கனம். உரிக்கும்போதே எண்ணெய் பீச்சி அடித்துக் கண் எரிந்தது.

என் அம்மா நேற்றே மலை ஏறி வந்துவிட்டார். காலையில் நம் கூடத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, நம் வீட்டுத் தட்டில் சாப்பிட்டார். “இன்னொண்ணு போடு கண்ணு, பஞ்சாட்டம் இருக்குது” என்று கேட்டு வாங்கினார். தட்டில் தேங்கிய ஆரஞ்சுப் பாகை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டார். மகள் வீட்டில் அம்மா வயிறாரச் சாப்பிடுவதைப் பார்த்தால் யாருக்கும் மனசு குளிரும். எனக்கு உடம்பு கூசியது. அடுப்பைப் பார்க்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன்.

மத்தியான பஸ்ஸுக்கு அவர் கிளம்பிப் போய்விட்டார். சின்னவள் தூங்குகிறாள். சுதா வெளியே காப்பிச் செடிகளுக்கு நடுவில் தனியாக என்னவோ பேசிக்கொண்டு விளையாடுகிறாள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதையெல்லாம் நீங்கள் இருக்கும்போதே பேசியிருக்க வேண்டும். பேச வேண்டிய நேரத்தில் எனக்கு வாய் வராது, கண்ணில் தண்ணீர்தான் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் காலம் கடந்து எழுதுகிறேன்.

சுதாவுக்கு மூன்று வயது முடிந்த அந்தப் பிறந்த நாளை நீங்களும் நானும் ஒருநாள்கூட மறுபடி எடுத்துப் பேசியதில்லை, இல்லையா?

அப்போது நான் சின்னவளை உண்டாகியிருந்தேன். மசக்கை பாடாய்ப் படுத்தியது. அதைவிட, சுதா பிறந்தபோது பட்ட பயம் தூக்கத்தில்கூட என்னை விடவில்லை. எஸ்டேட் ஜீப்பில் மலையிறங்கினோமே, மழையில். என் தலை உங்கள் மடியில். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், “அவ்வளவுதான் சாமி, இதுதான் கடைசி வளைவு” என்று சொன்னீர்கள். அடுத்த வளைவு வந்ததும் அதையே கூசாமல் மறுபடி சொன்னீர்கள். கீழே போய்ச் சேர்ந்தபோது உங்கள் சேலை என் ரத்தத்தில் நனைந்திருந்தது. “அடுத்ததுன்னு ஒண்ணு இருந்தா, கடைசி மாசங்கள்ல இவங்க மலை மேல இருக்கக் கூடாது” என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கீழே சேலத்தில் எனக்கு இருந்தது என் அம்மா வீடு ஒன்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போகிற தூரம். ஆனால் காலேஜில் கூடப் படித்த உங்கள் மகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து அந்த வீட்டுக் கதவு எனக்குச் சாத்திக் கிடந்தது. ‘மலை ஆளைக் கட்டிக்கிட்டவ’ என்பதுதான் அங்கே என் பேர். அப்பா இல்லாத வீடு, அம்மா வைத்ததுதான் சட்டம். அப்படிப்பட்ட அம்மா, நான் மறுபடி உண்டாகியிருப்பதைக் கேள்விப்பட்டு, பேத்தியின் பிறந்த நாளுக்கு வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்தால் போதாது. நம் வீட்டில் கை நனைக்க வேண்டும். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் உறவு ஒட்டிக்கொள்ளும், பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார், நான் பிழைத்துக்கொள்வேன். என் கணக்கு அவ்வளவுதான்.

உங்களிடம் இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீங்களாகத்தான் அன்று சாயங்காலம் காப்பிக்கொட்டையை வறுத்துக்கொண்டே கேட்டீர்கள்.

“ஏங் கண்ணு, நம்ம ஊட்டுச் சோறாட்டம் இல்லாத பலகாரம் எதாச்சும் உன்ற காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா?”

“ஏனுங்க அத்தை, இட்லி சுட்டா ஆகாதா? பச்சைப்பயறு பாயசம் வெக்கலாம்.”

“அதெல்லாம் அவிங்க ஊட்டுலயே திங்கறதுதான கண்ணு. இங்க வந்தா புதுசா எதாச்சும் வேணுமல்ல.”

புதுமைக்காகக் கேட்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். மனையியல் படித்தவள் இல்லையா நான்! செய்முறைத் தேர்வுக்கு ஆரஞ்சுப் பான்கேக் செய்து கைதட்டு வாங்கியதை உங்களிடம் பீற்றிக்கொண்டேன். நீங்கள் ஒவ்வொன்றாக விசாரித்தீர்கள். அரிசி உண்டா? இல்லை, மைதா. முட்டை? போடுவார்கள், விட்டுவிட்டாலும் வரும். தண்ணீர்?

“கொஞ்சம் தெளிக்கலாமுங்க அத்தை.”

“தண்ணி வேண்டாம் சாமி. பால்லயே கரைச்சுக்கோ. எவ்வளவு பால் வேணுமோ நான் வாங்கியாறேன்.”

ருசிக்காகச் சொல்கிறீர்கள் என்று இதையும் நினைத்தேன். பட்டம் வாங்கியவளுக்குப் புரியவே இல்லை. ‘அவங்க கைச் சோறு எப்படிடி எறங்கும்?’ என்று சொல்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். சோறு வேறு, பலகாரம் வேறு. தண்ணீரில் வெந்தது வேறு, பாலில் பிசைந்தது வேறு, அதற்குத் தீட்டில்லை என்கிற பேச்சையெல்லாம் கேட்டே வளர்ந்தவள். அந்தச் சட்டத்துக்குள் எந்தச் சந்து வழியாக ஒரு பலகாரம் நுழைய முடியும் என்று நீங்கள் தேடிக்கொண்டிருந்தீர்கள். நான் ஆப்ப சோடா எவ்வளவு போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தோம். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முதல் தடவை சாறு ஊற்றியதும் பால் திரிந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது. “திரிஞ்சா என்ன போச்சு? மோருன்னு நெனைச்சுக்கோ” என்று நீங்கள் மைதாவைக் கொட்டிக் கலக்கினீர்கள். அதில்தான் நன்றாக உப்பி வந்தது. தோலைத் துருவலாம் என்றால் நம் பழத்துக்குத் தோல் தொளதொளவென்று துருவியில் நிற்கவே மாட்டேன் என்றது. உரித்து, உள்ளே இருக்கிற வெள்ளையைக் கத்தியால் சுரண்டி, அரிவாள்மனையில் பொடியாக அரிந்தீர்கள். வெள்ளை ஒட்டியிருந்தால் கசக்கும் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள்.

உங்களுக்கு வராதது ஒன்றே ஒன்றுதான். மாவைக் கல்லில் ஊற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அதுவாகப் பரவி உப்ப வேண்டும். நீங்கள் ஊற்றினால் கரண்டி தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். மெல்லிசாக, முறுகலாக, தோசையாகவே வந்து நிற்கும்.

“ஊத்திட்டு உட்டுருங்க அத்தை.”

“நான் உடத்தான் பாக்கறேன் கண்ணு. கை கேக்கமாட்டேங்குதே. பொறந்ததுலருந்து சுத்திச் சுத்தியே பழகிப் போச்சு.”

சுதா உங்கள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவாள். அவள் கையையும் சேர்த்துக்கொண்டு கரண்டி சுற்றும். மூன்று பேரும் சிரிப்போம். “போ, இது உன்ற காலேஜ் தோசை. நீயே ஊத்து. அன்னைக்கு நான் அடுப்புக்கிட்டயே வரமாட்டேன்” என்றீர்கள். வெட்கப்பட்டுச் சொல்கிறீர்கள் என்றுதான் அதையும் எடுத்துக்கொண்டேன்.

பிறந்த நாள் அன்று, எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற உங்கள் மகனை விடியும் முன்பே வேலைக்கு விரட்டிவிட்டீர்கள். “ரைட்டர் இல்லாம ஆபீஸு நடக்காதாமா. சாயங்காலமா வா. நீ நின்னா ரெண்டு பக்கமும் மூஞ்சி கோணும்.” பனி விலகுகிற நேரத்துக்குக் கார் வந்தது. அண்ணன் காரைவிட்டு இறங்கவே இல்லை, பேப்பரை விரித்துக்கொண்டான். அம்மா மட்டும் உள்ளே வந்தார். நீங்கள் கைகூப்பி, “வாங்க, வாங்க” என்றீர்கள். “ம், இருக்கட்டுங்க” என்றார். சம்பந்தி என்கிற சொல் அவர் வாயில் வரவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து சுதாவைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, தலையை முகர்ந்து பார்த்தார். எனக்கு உயிர் வந்தது.

அடுப்பில் நான்தான் நின்றேன். வெண்ணெய் காய்கிற வாசனையும் சர்க்கரை கருகுகிற வாசனையும் சேர்ந்து வயிற்றைப் புரட்டிவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். வாந்தி எடுத்து முகம் கழுவி வருவதற்குள் நீங்கள் அடுப்பை ஏற்றுக்கொண்டிருந்தீர்கள். வேறென்ன செய்வீர்கள்? கல் காய்ந்துகொண்டிருந்தது, மாவு பொங்கிக்கொண்டிருந்தது, வந்தவர் காத்துக்கொண்டிருந்தார். “நீ கொண்டுபோய் வை” என்று என்னிடம் தட்டைக் கொடுத்துவிட்டுச் சமையலறை நிலைப்படிக்கு உள்ளேயே நின்றீர்கள்.

அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஓரத்தைக் கிள்ளினார். விள்ளல் விரலுக்கு வந்துவிட்டது, அத்தை. வாய்க்குப் போகிற வழியில்தான் இருந்தது.

“நல்ல வாசனையா இருக்குதே. யாரு ஊத்துனது?”

“மொதல்ல நான் ஊத்துனேம்மா. எனக்கு ஒமட்டிக்கிட்டு வந்துருச்சு. அப்புறம் பூராவும் அத்தைதான். நொம்ப நல்லா ஊத்துனாங்க.”

பெருமையாகத்தான் சொன்னேன். உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அம்மா காதில் விழட்டும் என்று சொன்னேன்.

அந்த விரல்கள் நின்றுவிட்டன. விள்ளல் திரும்பத் தட்டுக்கே போனது. கோபமெல்லாம் இல்லை. சுடுகிறது என்று கீழே வைக்கிறவர் போல அவ்வளவு நிதானமாக வைத்தார். அப்போதுதான் சுதா வந்தாள். பாகில் தோய்த்த ஒரு துண்டை எடுத்து, “அம்மாயி, ஆ!” என்று அவர் வாய்க்கே கொண்டுபோனாள். அம்மா முகத்தைத் திருப்பினார். பாகு கன்னத்தில் ஒட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

“வேண்டாஞ் சாமி. அம்மாயிக்கு இன்னிக்கு விரதம்.”

அடுப்பில் ஒரு குச்சி வெடித்தது. சுதா நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். நான் என் அம்மாவைப் பார்க்கவும் முடியாமல், உங்களைப் பார்க்கவும் முடியாமல் தரையைப் பார்த்தேன். என்னைப் பெற்றவரை எண்ணி அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை. அதற்குப் பிறகு அது என்னைவிட்டுப் போனதும் இல்லை.

நிலைப்படியிலிருந்து உங்கள் குரல் வந்தது.

“அட ஆமாங்க! இன்னிக்குக் கிருத்திகையல்லங்க? எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு, விரதக்காரங்களுக்குப் போய்ப் பலகாரத்தச் சுட்டு வெச்சிருக்கறேன். தப்பா நெனைச்சுக்காதீங்க.”

அம்மா நிமிர்ந்து உங்களைப் பார்த்தார். வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை நேருக்கு நேராகப் பார்த்தது என்று நினைக்கிறேன். “ஆமாங்க. கிருத்திகைதானுங்க” என்றார், மெல்ல.

கிருத்திகை முந்தின வாரமே போய்விட்டது. நீங்களே அன்றைக்கு மலைக்கோயிலுக்கு நடந்து போய் வந்து கால் வலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டீர்கள்.

பிறகு ஒரு முறத்தில் ஆரஞ்சுப் பழங்களைக் கொண்டுவந்தீர்கள். இலையும் காம்புமாக, தோல் உரிக்காமல். அவர் காலடியில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றீர்கள். “பழத்துக்கு விரதமில்லைங்களே.” கூடவே ஒரு கலர் பாட்டில், மூடி திறக்காமல், பக்கத்தில் ஓப்பனர். அம்மா தானே உரித்தார், சுளை சுளையாகத் தின்றார். தானே பாட்டிலைத் திறந்து குடித்தார். அந்தப் பாட்டில் ஏற்காட்டுக் கடையில் முந்தின நாள் சாயங்காலமே வாங்கியது. ஓப்பனர் நம் வீட்டில் கிடையாது, பக்கத்தில் தோட்டத்து ஆட்கள் இருக்கிற லைன் வீட்டில் கேட்டு வாங்கி வைத்திருந்தீர்கள். எதிர்பார்த்துத்தான் இருந்திருக்கிறீர்கள். அவர் சாப்பிடாமல் போனால் வெறும் வயிற்றோடு போகக் கூடாது, நாம் கொடுத்தும் வேண்டாமென்று சொன்னார் என்று ஆகவும் கூடாது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, மலை ஆட்களிடம் பழம் மட்டும் வாங்கித் தின்கிற கீழூர்க்காரர்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட முறை அது. எந்தக் காலேஜிலும் அதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

நீங்கள் கொடுத்த அந்த விரதத்தால் அம்மாவுக்கு எழுந்து போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. உட்கார்ந்தார். சுதாவுக்குச் சங்கிலி போட்டார். என் வயிற்றைப் பார்த்தார். கிளம்பும்போது உங்கள் பக்கம் திரும்பி, “ஏழாம் மாசம் வந்து கூட்டிக்கிட்டுப் போறோங்க” என்றார். “நொம்ப சந்தோசமுங்க” என்று நீங்கள் மறுபடி கைகூப்பினீர்கள்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கார் போனதும் நான் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் ஆறிப்போன பலகாரத்தை நின்றபடியே பிய்த்துத் தின்றுகொண்டு சொன்னீர்கள்: “மெத்துன்னு வந்ததெல்லாம் நீ ஊத்துனது. மெலுசா வந்ததெல்லாம் நான் ஊத்துனது. பாரு, அவிங்க தட்டுல மெலுசு போயிருச்சு. அதான் கண்டுபுடிச்சுட்டாங்க.” அழுதுகொண்டிருந்தவளைச் சிரிக்கவைத்துவிட்டீர்கள். நான் காலண்டரைப் பார்க்க எழுந்தபோது மட்டும் குரல் மாறியது. “அதையெல்லாம் பாக்காத கண்ணு. உனக்கு ஆஸ்பத்திரி வேணும். எனக்கு நீ வேணும். வேற பேச்சு வேண்டாம்.”

ஏழாம் மாசம் போனேன். அம்மா என்னைத் தாங்கினார், அதில் குறை சொல்லக் கூடாது. கால் வீங்கினால் வெந்நீர் வைத்தார், ராத்திரி புரண்டு படுத்தால்கூட விழித்துக்கொண்டார். அங்கே இருந்தபோதுதான் பார்த்தேன், கிருத்திகை வந்தால் அம்மா பச்சைத் தண்ணீரோடு நாள் முழுக்கக் கிடந்தார். நான் அந்த வீட்டில் வளர்ந்த காலத்தில் அப்படி ஒரு விரதம் கிடையாது. எனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து உருகிப் போனேன்.

சின்னவள் நல்லபடியாகப் பிறந்தாள். நீங்கள் பார்க்க வரவில்லை. உங்கள் மகனிடம் ஒரு பலாப்பழம் கொடுத்துவிட்டீர்கள், அறுக்காத முழுப் பழம். நான் குழந்தையோடு மலையேறி வந்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தீர்கள். “ஏனுங்க அத்தை, ஒரு எட்டு வந்திருக்கலாமே” என்றேன். “பஸ்ஸுல தலை சுத்துது கண்ணு” என்றீர்கள். நம் ஊர் செம்மநத்தத்துக்கும் சேலத்துக்கும் ஆயிரம் தடவை போய் வந்தவர் நீங்கள்.

அதன்பிறகு அம்மா வருஷத்துக்கு ஓரிரு தடவை வந்தார். வரும்போதே டிபன் கேரியர் வரும். நீங்கள் திறக்காத பாட்டிலும் உரிக்காத பழமும் வைப்பீர்கள். இரண்டு பேரும் மழையைப் பற்றியும் காப்பி விலையைப் பற்றியும் நல்ல விதமாகப் பேசிக்கொள்வீர்கள். எனக்கும் அது பழகிவிட்டது. பழகியதைத்தான் என்னால் இன்றைக்குச் சகிக்க முடியவில்லை.

நீங்கள் போன பிறகு, காரியத்துக்கு வந்த அம்மா டிபன் கேரியர் கொண்டுவரவில்லை. நான் வடித்த சோற்றை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். துக்க வீடு, மகளைத் தேற்ற வந்தவர், அதனால்தான் என்று விட்டுவிட்டேன். அடுத்த தடவையும் சாப்பிட்டார். இன்றைக்குக் காலையில் பாகை வழித்துச் சாப்பிட்டார்.

இன்றைக்கு நான் பேசிவிட்டேன், அத்தை. நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பேச்சுதான். பலகாரம் முடிந்து அம்மா மத்தியானக் குழம்புக்கு அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். பாத்திரத்தை விளக்கிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன்.

“அன்னைக்குக் கிருத்திகை இல்லீங்கம்மா.”

எந்த அன்னைக்கு என்று அவர் கேட்கவில்லை.

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் ஆமான்னீங்களா?”

“சம்பந்தி வாயில வந்துருச்சு. எனக்காகச் சொன்னாங்க. அதப் பொய்யாக்கலாமா? அன்னைக்குப் பொழுதுக்கும் அந்தப் பழத்தோட இருந்துட்டேன், ராத்திரிகூட ஒண்ணும் எறங்கல. அடுத்த மாசத்துலருந்து நெசமாவே புடிச்சுட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு கிருத்திகை உட்டதில்ல.”

சம்பந்தி. நீங்கள் உயிரோடு இருந்தவரை அவர் வாயில் வராத வார்த்தை, அவரைக்காய் நாரோடு சேர்ந்து சாதாரணமாக விழுந்தது. விளக்கிக்கொண்டிருந்த தட்டை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு நிமிஷம் என் நெஞ்சு இளகியது, மறைக்கவில்லை. அவருக்கும் வெட்கம் இருந்திருக்கிறது. இத்தனை வருஷமாக அந்தக் கடனை மாசாமாசம் பட்டினியால் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

“அத ஒரு நாளாச்சும் அத்தைகிட்டச் சொல்லியிருக்கலாமுல்லங்கம்மா?”

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?”

“சொல்ல வேண்டாம். ஒரு விள்ளல் வாயில போட்டிருந்தா போதும். பட்டினி கெடக்கறதுக்கு அது சுலபமில்லீங்களா?”

அவர் அடுத்த காயை எடுத்தார். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“இப்ப மட்டும் எப்படிம்மா எறங்குது? அதே ஊடு, அதே கல்லு, அதே மரத்துப் பழம்.”

“இப்ப நீதான கண்ணு செய்யற.”

வஞ்சகமில்லாமல்தான் சொன்னார். அவ்வளவு அன்பாகச் சொன்னார். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் போனதும் இந்த வீடு அவருக்குச் சாப்பிடத் தகுந்த வீடாக ஆகிவிட்டது. நீங்கள் மெழுகிய அடுப்பும், நீங்கள் பழக்கிய கல்லும், நீங்கள் வைத்த மரமும் அவருக்கு ஒரு தடையும் இல்லை. உங்கள் கை ஒன்றுதான் குறுக்கே நின்றது. என்னைக் கடைசி வளைவு வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்த கை.

நாங்கள் பேசியதைச் சுதா கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் பார்க்கவில்லை. “அப்பத்தா செஞ்சா அம்மாயி சாப்புட மாட்டாங்களா? ஏம்மா?” என்றாள்.

விரதம் என்று சொல்லிவிடலாம். நாக்கில் வந்து நின்றது அந்த வார்த்தை. எத்தனை சுலபம், யாருக்கும் நோகாது. நீங்கள் இருந்திருந்தால் நிச்சயம் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று, உள்ளதைச் சொன்னேன். அப்பத்தா மலை ஆளு. அம்மாயி ஊட்டுல மலை ஆளுங்க கையால திங்கமாட்டாங்க. அப்பத்தா எவ்வளவு நல்லா சமைச்சாலும் திங்கமாட்டாங்க. அவ்வளவுதான் காரணம். வேற ஒரு காரணமும் கெடையாது.

சுதா யோசித்தாள். அவளுக்கு உங்கள் நெற்றி, உங்கள் நிறம். யோசிக்கும்போது உதட்டை மடிப்பதுகூட உங்களைப்போலத்தான். பிறகு என்னை விட்டுவிட்டு நேராக அம்மாயியிடம் போய் நின்றாள்.

“அம்மாயி, நான் சுட்டா சாப்புடுவீங்களா?”

அவரைக்காய் அம்மாவின் கையில் அப்படியே நின்றது. அவளை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியதா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாச்சு சாமி” என்று எழுந்துவிட்டார். குழம்புக்கு நிற்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும், “அடுத்த மாசம் வர்றேன்” என்றார், யாரையும் பார்க்காமல்.

வரட்டும், அத்தை. அன்றைக்கு அடுப்புக்கிட்டே நான் போகப் போவதில்லை. பாலில் கரைக்கவும் சொல்லமாட்டேன், நம் வீட்டுத் தண்ணீரை ஊற்றிக் கரைக்கட்டும். சுதாதான் ஊற்றுவாள். இப்போதே கரண்டியைப் பிடித்தால் அவளுக்கும் சுற்றத்தான் வருகிறது. தட்டை அவளே கொண்டுபோய் அம்மா முன்னால் வைப்பாள். அம்மாவால் முடிந்தால் சாப்பிடுவார். முடியாவிட்டால் முடியாது என்று பேத்தியின் முகத்தைப் பார்த்து அவர் வாயால் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கிருத்திகை என்று நிலைப்படியில் நின்று எடுத்துக்கொடுக்க இந்த வீட்டில் இனி ஆளில்லை.

உங்கள் மருமகள்